கையில்லாத விசை: கட்டுத்துவக்கும் துப்பாக்கிப் பாதுகாப்பின் எல்லையும்

துப்பாக்கி விபத்து என்றதும் பேச்சு ஆளின் கவனக்குறைவில் தொடங்கி அங்கேயே முடிந்துவிடுகிறது. குழலுக்குள் தோட்டா இருப்பதைப் பார்க்கவில்லை, விரலை விசையிலிருந்து எடுக்கவில்லை, வாயை ஆள் இருக்கும் பக்கம் திருப்பிவிட்டார் என்று காரணம் சொல்லப்படும். பல வேளைகளில் அது உண்மையும்கூட. ஆயினும் விசை ஒரு பொறி. அதை வடிவமைத்தவர், செய்தவர், பழுதோடு வைத்திருந்தவர் ஆகியோரின் பொறுப்பு, கடைசியில் அதைத் தொட்டவரின் பொறுப்புக்குள் கரைந்துபோய்விடக் கூடாது. இலங்கையின் ஹேவாஹெட்ட போன்ற மலைப்பகுதிகளில் காட்டுப்பன்றிக்கென்று கட்டப்பட்டு, கம்பி இடறினால் தானாக வெடிக்கும் கட்டுத்துவக்கை இந்தக் கோணத்திலிருந்து பார்த்தால், சட்டமும் பொதுப்பேச்சும் அதை வைத்திருக்கும் இடம் பிழையானது என்பது விளங்கும். அது உரிமம் பெறத் தவறிய இன்னொரு துப்பாக்கி அன்று. வேறெந்தத் துப்பாக்கியிலும் குறைபாடு என்று கருதப்படும் தன்மையையே வேலையாகக் கொண்ட கருவி அது. ஆகவே கருவியை வைத்திருப்பதோடு நிற்காமல், அதைப் பொருத்தும் செயலையே தனிக் குற்றமாகக் கொள்ள வேண்டும் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

விசை செய்யும் வேலை சொல்லச் சுருக்கமானது. விற்சுருளின் அழுத்தத்தைத் தாங்கி நிற்கும் குத்தூசியையோ சுத்தியலையோ ஒரு சிறு கொளுக்கி பிடித்து நிறுத்துகிறது. விரல் விசையை இழுக்கும்போது அந்தக் கொளுக்கி விலகுகிறது. கொளுக்கியும் அது பற்றியிருக்கும் விளிம்பும் ஒன்றின்மேல் ஒன்று படிந்திருக்கும் பரப்பு மிகச் சிறியது. துருவோ அழுக்கோ உறைந்த எண்ணெயோ இடையில் புகுந்தாலும், விளிம்பு தேய்ந்தாலும், இலகுவாக இழுபட வேண்டும் என்று யாராவது அதை அராவிவிட்டாலும் பிடி தளர்கிறது. அதன்பின் ஒரு தட்டலோ கதவைச் சாத்தும் அதிர்வோ போதும். இதனால்தான் அமெரிக்கத் துப்பாக்கி உற்பத்தியாளரின் தொழில்தரம், துப்பாக்கியைச் சுமார் 1.2 மீற்றர் உயரத்திலிருந்து விழவிட்டு, அது வெடிக்காமல் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்கிறது. எந்தத் துப்பாக்கியையும் குண்டு நிரப்பியதாகவே கருதுதல், வாயைப் பாதுகாப்பான திசையில் வைத்தல், சுடும் கணம் வரை விரலை விசைக்கு வெளியே நிறுத்துதல், இலக்கையும் அதற்கு அப்பாலுள்ளதையும் அறிதல் என்ற நான்கு விதிகளும் பொறியை முழுக்க நம்பாதவர்கள் வகுத்தவை. ஒரு விதி தவறினாலும் மற்றொன்று உயிரைக் காக்கும் என்பதே அவற்றின் அடிப்படை.

விதிகளைக் கடைப்பிடித்தால் போதும், பொறியைக் குறைசொல்வது சாக்குப்போக்கு என்பது பழைய வாதம். இதைச் சோதித்துப் பார்க்க ரெமிங்டன் 700 ரைபிளின் வரலாற்றைவிட விரிவான சான்று கிடைப்பது அரிது. 1962இல் சந்தைக்கு வந்த அந்த ரைபிள், மைக் வாக்கர் என்ற பொறியியலாளர் 1940களில் வடிவமைத்த விசைத்தொகுதியைக் கொண்டது. விசைக்கும் கொளுக்கிக்கும் இடையே, எதிலும் பிணைக்கப்படாத ஒரு சிறு இணைப்புத் துண்டை அவர் வைத்தார். சுடும்போது கிடைக்கும் மென்மைக்காக அது புகழப்பட்டது. ஆனால் அந்த இடைவெளியில் ஏதேனும் சிக்கிக்கொண்டால் இணைப்புத் துண்டு தன் இடத்துக்குத் திரும்புவதில்லை. அப்போது பாதுகாப்புப் பூட்டை விலக்கிய மாத்திரத்தில், விரல் படாமலே ரைபிள் வெடிக்கலாம் என்று வழக்காடியவர்கள் காட்டினர். விசையையே பூட்டும் ஏற்பாடொன்றை வாக்கர் 1948இலேயே முன்மொழிந்திருந்தார். ரைபிள் ஒன்றுக்கு ஐந்தரை சதம் மேலதிகச் செலவாகும் என்பது கணக்கு. அது சேர்க்கப்படவில்லை.

2000ஆம் ஆண்டு மொன்ரானா மாநிலத்தில் ஒரு தாய் வேட்டை முடிந்து ரைபிளிலிருந்து தோட்டாவை அகற்ற முற்பட்டார். பழைய அமைப்பில் பூட்டை ‘சுடு’ நிலைக்குத் தள்ளினால்தான் தோட்டாவை வெளியே எடுக்க முடியும். அவர் தள்ளினார், ரைபிள் வெடித்தது, குதிரைகளை ஏற்றும் வண்டிக்கு மறுபுறம் நின்ற ஒன்பது வயது மகன் இறந்தான். பாதுகாப்பாக இருக்க முற்பட்ட செயலே வெடிப்பதற்கான வழியாக அமைந்துவிட்ட பொறி அது. அங்கே கவனம் என்ற சொல்லுக்கு எவ்வளவு பொருள் மிஞ்சுகிறது? நிறுவனம் குறைபாட்டை ஒப்புக்கொள்ளவில்லை. எனினும் ஏறத்தாழ 75 இலட்சம் துப்பாக்கிகளைத் தழுவிய இணக்கத் தீர்வு 2018இல் நடைமுறைக்கு வந்து, விசைகளை இலவசமாக மாற்றித்தர வழிசெய்தது. வாக்கரின் விசைக்கு மாற்றாக வந்த புதிய விசையையும் 2014இல் திருப்பி அழைக்க நேர்ந்தது. உற்பத்தியின்போது ஒட்டுப்பசை அளவுக்கு மிஞ்சிப் பூசப்பட்டதே காரணமாகச் சொல்லப்பட்டது.

இனி கட்டுத்துவக்கு. தலாத்துஓயாவிலிருந்து மாரஸ்ஸன வழியாக ஹேவாஹெட்டவுக்கும் ஹங்குரன்கெத்தவுக்கும் ஏறும் மலைச்சரிவுகளில் தேயிலை, மரக்கறித் தோட்டம், கிராமத்து வீட்டுத்தோட்டம், காடு ஆகியவை ஒன்றையொன்று தொட்டுக் கிடக்கின்றன. 1867இல் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் வணிகத் தேயிலையைத் தொடங்கிய லூல்கந்துர இந்தப் பழைய ஹேவாஹெட்டப் பிரிவுக்குள் அடங்கியதுதான். பராமரிப்பின்றி விடப்பட்ட தேயிலை மலைகளில் மானாப்புல் ஆளுயரம் வளர்கிறது. காட்டுப்பன்றிக்கு இதைவிட நல்ல மறைவிடம் வேண்டியதில்லை. அது இரவில் இறங்கி ஒரே நடையில் உருளைக்கிழங்குப் பாத்தியையும் மரவள்ளியையும் கிளறிப் போட்டுவிடும். இவ்வாறான நிலங்களில் பன்றி நடக்கும் தடத்துக்குக் குறுக்கே மெல்லிய கம்பியோ நூலோ இழுக்கப்பட்டு, புதருக்குள் கட்டிய உள்ளூர் தயாரிப்புத் துவக்கின் விசையோடு இணைக்கப்படுகிறது. பன்றியின் உடல் மட்டத்துக்கு வைத்த குழல் மனிதருக்கு முழங்கால் மட்டம். கட்டுத்துவக்குக் காயங்கள் பெரும்பாலும் காலிலேயே காணப்படுகின்றன என்று இலங்கைச் சட்ட வைத்தியர்கள் எழுதியிருப்பதற்கு இதுவே காரணம். பன்றித்தடம் என்பதும் தனியான தடமன்று. கொழுந்து மலைக்குக் குறுக்குவழியாகப் போகிறவர், விறகுக்குப் போகிறவர், மாட்டுக்குப் புல்லறுக்கிறவர், இருட்டோடு பெரட்டுக்கு (காலை வருகைப் பதிவுக்கு) புறப்படுகிறவர் எல்லோரும் அதே ஒற்றையடிப்பாதையில்தான் நடக்கிறார்கள்.

மேலே சொன்ன நான்கு விதிகளை இக்கருவியின்மேல் வைத்துப் பார்த்தால் ஒன்றுகூட ஒட்டாது. அது எப்போதும் குண்டு நிரம்பியது. அதன் வாய் எப்போதும் பாதையை நோக்கியது. அதன் விசையில் எப்போதும் ஒரு விரல் இருக்கிறது, அந்த விரல் வருகிறவருடையது. இலக்கை அறிய அங்கே யாருமே இல்லை. ரெமிங்டன் ரைபிள் தானாக வெடித்தபோது அது வழக்காயிற்று. கட்டுத்துவக்கு தானாக வெடித்தால்தான் அதைக் கட்டியவரின் எண்ணம் ஈடேறுகிறது. கம்பியை இறுக்கும்போதும், வெடிக்காத துவக்கைக் காலையில் அவிழ்க்கும்போதும் கட்டியவரின் உடலே குழலின் வாய்க்கு முன்னால் வர நேரும். பட்டறையில் குழாயும் இரும்புத்துண்டும் கொண்டு செய்த விசைக்கு எந்தத் தரச் சோதனையும் நடந்திருக்காது. கண்டி இராச்சியத்துக் கம்மியர் ஆயுதம் செய்வதில் பெயர்பெற்றவர்கள். அன்றைய வேலைப்பாட்டின் சான்றான லெவ்கே பீரங்கியை நெதர்லாந்து 2023இல்தான் திருப்பித் தந்தது. அந்த மரபின் பெருமையை இந்தக் குழாய்த் துவக்குகளுக்கு ஏற்றிப் பேசுவோரும் உண்டு. அது கம்மியருக்குச் செய்யும் அவமரியாதை.

1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கத் துப்பாக்கிகள் கட்டளைச்சட்டம் உரிமத்தை மையமாகக் கொண்டது. யார் வைத்திருக்கலாம், யார் செய்யலாம், யாரிடம் அனுமதிப்பத்திரம் இருக்கிறது என்பனவே அதன் முதன்மையான கேள்விகள். கட்டுத்துவக்கு இக்கேள்விகளுக்குள் வரும்போது அதன் தனித்தன்மை மறைந்து, அனுமதிப்பத்திரம் இல்லாத துப்பாக்கி என்றாகிவிடுகிறது. ஆள் இறந்துவிட்டாலோ, கவனயீனத்தால் மரணம் விளைவித்தல் பற்றிய தண்டனைச் சட்டக்கோவையின் 298ஆம் பிரிவு நினைவுக்கு வருகிறது. ஆனால் 1883ஆம் ஆண்டின் அதே சட்டக்கோவை, குற்றமுறையான மனிதக்கொலையை வரையறுக்கும் 293ஆம் பிரிவில், இந்தியச் சட்டக்கோவையிலிருந்து எடுத்த ஓர் உதாரணத்தைத் தருகிறது. ஒருவர் ஒரு குழியின்மேல் குச்சிகளையும் புற்கரணையையும் பரப்பி வைக்கிறார். மரணம் விளைய வேண்டும் என்ற எண்ணம் அவருக்கு இருக்கலாம், அல்லது விளையக்கூடும் என்ற அறிவு மட்டும் இருக்கலாம். உறுதியான நிலமென்று நம்பிக் கால்வைத்தவர் விழுந்து இறந்தால், பரப்பியவர் மனிதக்கொலைக் குற்றவாளி. ஊரார் நடக்கும் பாதையில் இரவு முழுக்கக் குழலை நீட்டி வைப்பவருக்கு அந்த அறிவு இல்லை என்று வாதாடுவது கடினம். பன்றிக்குத்தான் கட்டினேன் என்பது எண்ணத்தைப் பற்றிய பதில். உதாரணம் கேட்பது அறிவைப் பற்றியும்தான்.

மரணம் நிகழ்ந்த பின்னரே இப்பிரிவுகள் பயன்படும் என்பதுதான் இடைவெளி. இங்கிலாந்து அதை 1827இலேயே அடைத்தது. நிலவுடைமையாளர் தம் தோட்டங்களில் வேட்டைத் திருடர்களுக்கெதிராகக் கட்டிவந்த விசைத்துப்பாக்கிகளைப் பொருத்துவதையே அவ்வாண்டுச் சட்டம் குற்றமாக்கியது. இரவில் குடியிருக்கும் வீட்டுக்குள் வைப்பதற்கு மட்டும் விலக்களித்தது. சட்டத்துக்கு முன் நடந்த நிகழ்ச்சியொன்றின்மேல் 1828இல் தீர்ப்பான பேர்ட் எதிர் ஹோல்புரூக் வழக்கின் விவரம் நம் ஊருக்கு அந்நியமாகத் தோன்றாது. சுவர் சூழ்ந்த பூந்தோட்டத்துக்குள் பெண்மயிலொன்று புகுந்தது. அதைப் பிடித்துத் தருவதற்காக மதிலேறிக் குதித்த 19 வயது இளைஞனின் முழங்காலில் குண்டு பாய்ந்தது. அறிவிப்புப் பலகை இல்லாமல் பட்டப்பகலில் அதைக் கட்டிவைத்தவர் நட்டஈடு செலுத்த வேண்டியவரானார். இலங்கை அரசும் 2017 டிசம்பரில் ஆட்களுக்கெதிரான மிதிவெடித் தடை உடன்படிக்கையில் இணைந்தபோது, பாதிக்கப்படுபவரே இயக்கும் ஆயுதம் ஏற்க முடியாதது என்ற கொள்கையை ஏற்றுக்கொண்டது. மிருகத்துக்காக வைத்த துவக்கு அந்த உடன்படிக்கையின் சொல்லுக்குள் அடங்காது என்பது சரிதான். ஆனால் அதன் பின்னாலுள்ள நியாயம் மிதிவெடி புதைந்த வன்னிக்கு ஒன்று, ஹேவாஹெட்டவுக்கு ஒன்று என்று இருக்க முடியாது.

பன்றியால் நட்டப்படும் விவசாயி என்ன செய்வார் என்ற கேள்வி பாசாங்கானதல்ல. பயிரை மேயும் விலங்குகளின் தொல்லை எவ்வளவு பெரிதென்பதற்கு, குரங்கு, மயில் முதலியவற்றை எண்ண 2025 மார்ச் 15 அன்று நாடு முழுவதும் ஐந்து நிமிடக் கணக்கெடுப்பு நடத்த வேண்டி வந்ததே சாட்சி. ஆனால் காட்டுப்பன்றி நம் சட்டத்தில் பாதுகாக்கப்பட்ட விலங்கு அன்று. பயிர்க்காவலுக்கென அனுமதிப்பத்திரம் பெற்ற துப்பாக்கியால், கண்ணால் கண்டு சுடுவதற்கு வழியிருக்கிறது. அந்த வழி ஏழைக்கு எட்டுவதில்லை என்றால் குறை அந்த நடைமுறையில் இருக்கிறது. பொதுக்காவல் அமைப்பதும் வேலிக்கு மானியம் தருவதும் அதைச் சரிசெய்யும் முயற்சிகள். கட்டுத்துவக்கு இவற்றுக்கு மாற்றாகாது. விலங்கைத் தேர்ந்தெடுக்க அதற்குத் தெரியாது என்பதும் சேர்த்துச் சொல்ல வேண்டியது. சுருக்குக் கண்ணியும் இப்படித்தான்: 2020 மே மாதம் நல்லதண்ணி லக்ஷபான தோட்டத்தில் சுருக்குக் கம்பியில் சிக்கி, சில நாட்களில் இறந்த கருஞ்சிறுத்தையை யாரும் குறிவைத்திருக்கவில்லை. யானைகளின் வாயைச் சிதறடிக்கும் ஹக்கபட்டாஸ் வெடியும், தமிழ்நாட்டில் அவுட்டுக்காய் என்று சொல்லப்படும் வெடியும் இதே வகையைச் சேர்ந்தவை.

சட்டம் ஏற்கெனவே தடுத்தும் நிற்காததை இன்னொரு பிரிவு நிறுத்துமா என்று கேட்கலாம். பொருத்துதல் தனிக் குற்றமானால் துவக்கு யாருடையது என்ற ஆதாரத்தைத் தேடி அலைவதைவிட, கம்பியைக் கட்டியவர் யார், அந்த நிலத்தைப் பயன்படுத்துபவர் யார் என்ற இலகுவான விசாரணைக்கு இடமுண்டு. கூடவே, தண்டனைப் பயமின்றி ஒப்படைக்கக் குறிப்பிட்ட காலம் தரப்பட வேண்டும். அனுமதிப்பத்திரம் பெற்ற பயிர்க்காவல் துப்பாக்கிகளுக்கும் இந்த வாதம் பொருந்தும். ஆண்டுதோறும் அனுமதிப்பத்திரத்தைப் புதுப்பிக்கும்போது தொடரிலக்கத்தோடு விசையின் பிடியும் பார்க்கப்பட வேண்டும். குண்டில்லாத துப்பாக்கியின் சுத்தியலை ஏற்றிவைத்து, அடிப்பாகத்தைத் தரையில் மெல்லத் தட்டிப் பார்ப்பதற்குச் சில நிமிடமே ஆகும்.

தோட்ட நிர்வாகங்களின் பங்கு இதுவரை விவாதத்துக்கே வரவில்லை. காடாகிப்போன மலையைக் கவ்வாத்துக்கோ மண்ணைக் கிளறும் முள்ளுக்குத்துக்கோ திறக்கும் நாளில், தொழிலாளரை இறக்குவதற்கு முன் கம்பி தேடுவது நிர்வாகத்தின் கடமையா? அப்படி வேலைக்குப் போன இடத்தில் ஒருவர் கட்டுத்துவக்கில் அடிபட்டால், துவக்கைக் கட்டியவர் யாரென்று தெரியாதபோதும், 1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கத் தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச்சட்டம் அதைத் தொழிலின்போது தொழில் காரணமாக நேர்ந்த காயமாகக் கொள்ளுமா? கொள்ள வேண்டும் என்றே தோன்றுகிறது. பற்றைக்காடாக விடப்பட்ட நிலமும், அதற்குள் நடக்கச் சொன்ன கட்டளையும் நிர்வாகத்தினுடையவை.