காய்ச்சலை அளக்கக் கற்ற வரலாறு



வரலாறு என்றவுடன் போர்க்களங்களும் அரண்மனைகளும் நம் நினைவுக்கு வருகின்றன. தொட்டிலுக்கும் ஒரு வரலாறு உண்டு என்பதை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. நள்ளிரவில் கைக்குழந்தையின் உடல் அனலாய்க் கொதிக்கிறது; குழந்தை பாலை மறுத்து முனகுகிறது; தாய் அதன் நெற்றியில் புறங்கையை வைத்துப் பார்க்கிறாள். இக்காட்சி எல்லா நாடுகளிலும் எல்லா நூற்றாண்டுகளிலும் நிகழ்ந்ததே. ஆனால், அடுத்து அத்தாய் என்ன செய்தாள் என்பது காலந்தோறும் மாறி வந்திருக்கிறது. அம்மாற்றத்தைச் சுருக்கமாக எடுத்துரைப்பதே என் நோக்கம்.

பண்டைக் காலத்தில் காய்ச்சலையே ஒரு நோயாகக் கருதினார்கள். நம் சித்த மருத்துவ நூல்கள் சுரத்தை 64 வகையாகப் பகுத்துரைக்கின்றன. கிரேக்க மருத்துவர்கள், உடலிலுள்ள நீர்மங்களின் நிலை பிறழ்வதால் சுரம் உண்டாகிறது என்றனர். வகை பிரித்தறிந்த அவர்களுடைய நுண்ணறிவு போற்றத்தக்கது. எனினும், வெப்பம் எவ்வளவு என்று சொல்ல அவர்களிடம் கருவி ஒன்றும் இல்லை. கையே கருவியாக இருந்தது.

ஐரோப்பாவில் நெடுங்காலம் வேறொரு வழக்கம் வேரூன்றியிருந்தது. காய்ச்சல் கண்டவரை அறைக்குள் வைத்துச் சன்னல்களை அடைத்து, கணப்பு மூட்டி, கம்பளிகளைப் போர்த்தி வியர்க்கச் செய்தார்கள். 17ஆம் நூற்றாண்டில் இலண்டன் மருத்துவர் தாமஸ் சிடன்ஹாம் இதனை எதிர்த்தார். பெரியம்மை கண்டவர்களுக்குக் காற்றோட்டமும் இலேசான போர்வையுமே ஏற்றவை என்றார். 1797ஆம் ஆண்டில் லிவர்பூல் மருத்துவர் ஜேம்ஸ் கரி, சுரம் கண்டவர்மீது குளிர்ந்த நீரை ஊற்றும் முறையைப் பற்றி நூலே எழுதினார். ஒரு கரையிலிருந்த மருத்துவம் மறுகரைக்குப் போயிற்று எனலாம். குளிர்நீர் பட்டால் குழந்தை நடுங்கும். நடுக்கம் உடலின் உள்வெப்பத்தை மிகுதிப்படுத்தும் என்பதை இன்று அறிவோம். ஆனால், கரி செய்த மற்றொரு செயல் நிலைத்து நின்றது. அவர் நோயாளியின் வெப்பத்தை வெப்பமானி கொண்டு அளந்து பார்த்தார்.

உடல் வெப்பத்தை அளக்க முயன்றவர்களுள் முன்னோடி, 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வாழ்ந்த இத்தாலியரான சாந்தோரியோ. 1714இல் பாரன்ஹீட் பாதரச வெப்பமானியைச் செய்தார். ஆயினும், இக்கருவி நோயாளியின் படுக்கையருகே நிலையாக இடம்பெற மேலும் ஒன்றரை நூற்றாண்டு சென்றது. லைப்சிக் நகர மருத்துவப் பேராசிரியர் வுண்டர்லிக், ஏறத்தாழ 25,000 நோயாளிகளின் வெப்பநிலையை நாள்தோறும் குறித்து, 1868இல் தம் முடிவுகளை நூலாக வெளியிட்டார். காய்ச்சல் தனி நோயன்று, நோயின் அறிகுறியே என்பதை அந்நூல் நிலைநாட்டியது. அவர் பயன்படுத்திய கருவியோ நீண்டது. அளவு காட்டக் கால் மணி நேரத்துக்கு மேல் ஆகும். அழும் குழந்தையை அவ்வளவு நேரம் யார் பிடித்து வைத்திருப்பது? ஆங்கில மருத்துவர் கிளிஃபர்ட் ஆல்பட், அதனை ஆறு அங்குல நீளத்துக்குச் சுருக்கி, ஐந்து நிமிடத்தில் அளவு காட்டச் செய்தார். அதன்பின்னரே வெப்பமானி வீடுகளுக்குள் நுழைய வழி பிறந்தது.

வகுப்பில் இப்பாடத்தை நடத்தும்போது, "கையை வைத்துப் பார்த்தாலே தெரியாதா, ஐயா?" என்று யாரேனும் ஒரு மாணவன் கேட்காமல் இருந்ததில்லை. உடனே மூன்று கிண்ணங்களில் வெந்நீர், குளிர்நீர், வெதுவெதுப்பான நீர் ஆகியவற்றை வைப்பேன். ஒரு கையை வெந்நீரிலும் மறுகையைக் குளிர்நீரிலும் சிறிது நேரம் வைத்திருந்து, பிறகு இரண்டையும் வெதுவெதுப்பான நீரில் இடச் சொல்வேன். ஒரே நீர் ஒரு கைக்குக் குளிர்ச்சியாகவும் மறுகைக்குச் சூடாகவும் தோன்றும்! அடுப்படியிலிருந்து வந்த கையும் கிணற்றடியிலிருந்து வந்த கையும் ஒரே குழந்தையைப் பற்றி இருவேறு செய்தி சொல்லக்கூடும் என்பதை மாணவர்கள் அப்போதே உணர்ந்துகொள்வார்கள்.

அளக்கக் கற்றபின் தணிக்கக் கற்றனர். 1763இல் எட்வர்டு ஸ்டோன் என்ற ஆங்கிலப் பாதிரியார், வில்லோ மரப்பட்டைத் தூள் காய்ச்சலைத் தணிப்பதைக் கண்டு எழுதினார். அவ்வழியில் வந்த ஆஸ்பிரின் 1899இல் விற்பனைக்கு வந்து, உலகெங்கும் குழந்தைகளுக்கும் கொடுக்கப்பட்டது. 1963இல் ஆஸ்திரேலிய நோயியல் அறிஞர் டக்ளஸ் ரை, குழந்தைகளின் மூளையையும் ஈரலையும் தாக்கும் கொடிய நோய் ஒன்றை விவரித்தார். வைரசுக் காய்ச்சலின்போது ஆஸ்பிரின் உண்ட குழந்தைகளிடம் அது மிகுதியாகக் காணப்படுவதைப் பிற்கால ஆய்வுகள் காட்டின. 1986இல் பிரிட்டனில், 12 வயதுக்குட்பட்டோருக்கு மருத்துவர் சொன்னாலன்றி ஆஸ்பிரின் கூடாது என எச்சரித்தனர். இன்று பெரிதும் பயன்படுவது பாரசிட்டமால். அதையும் குழந்தையின் எடைக்கேற்ற அளவில், மருத்துவர் கூறியபடியே கொடுத்தல் வேண்டும்.

இவ்வரலாறு நமக்குக் கற்பிப்பவை யாவை? காய்ச்சல் கண்ட குழந்தையைக் கம்பளியில் பொதியவும் வேண்டா. குளிர்நீரில் நனைக்கவும் வேண்டா. இலேசான பருத்தி உடையும் காற்றோட்டமும் போதும். தாய்ப்பாலை நிறுத்தாது அடிக்கடி கொடுத்தல் வேண்டும். மூன்று திங்கள் நிரம்பாத குழந்தைக்கு வெப்பம் 38 டிகிரி செல்சியசை, அதாவது 100.4 டிகிரி பாரன்ஹீட்டை எட்டினால், மருந்து கொடுத்து விடியும்வரை காத்திராமல் உடனே மருத்துவரிடம் கொண்டு செல்லுதல் வேண்டும். அதனினும் மூத்த குழந்தையாயினும் பால் குடிக்காமை, எழுப்பியும் விழிக்காமை, மூச்சுத் திணறல், வலிப்பு, சிறுநீர் குறைதல் ஆகியவற்றுள் ஒன்று தென்பட்டாலும் காலந்தாழ்த்தலாகாது. வெப்பம் சிறிதாயிருக்க நோய் பெரிதாயிருப்பதும் உண்டு. ஆகவே எண்ணை மட்டும் பாராது, குழந்தையையும் பார்த்தல் வேண்டும்.

உடைந்தால் நஞ்சைச் சிந்தும் பாதரசக் கருவியின் இடத்தை இப்போது மின்னணு வெப்பமானி பெற்று வருகிறது. அதனைப் படிக்கத் தெரிந்தவர் உங்கள் வீட்டில் நீங்கள் ஒருவராகவே இருக்கலாம். தம்பிக்கோ தங்கைக்கோ காய்ச்சல் கண்டால், மணியையும் அளவையும் ஒரு தாளில் குறித்து வையுங்கள். வுண்டர்லிக் செய்ததும் அதுவே. நெற்றியில் வைத்த தாயின் கை அன்பைக் காட்டுகிறது. உங்கள் தாளிலுள்ள எண்கள் மருத்துவருக்கு வழி காட்டும். குழந்தைக்கு இரண்டும் வேண்டும்.