கடலூர்ச் சாலையில் ஒரு கோடு

சென்னையிலிருந்து கடற்கரைச் சாலை வழியாகக் காரில் கடலூர் போகிறவர்களை ஒன்று கேட்கிறேன். வழியில் எத்தனை முறை எல்லை தாண்டினீர்கள் என்று சொல்ல முடியுமா? சென்ற மாதம் நண்பர் ஒருவருடைய வண்டியில் நான் போனபோது எண்ணிக்கொண்டே வந்தேன். புதுச்சேரி நகரம் தாண்டியதும் கணக்குத் தவறிவிட்டது. ஒரு கடைப் பலகை கடலூர் மாவட்டம் என்கிறது. இன்னொன்று புதுச்சேரி என்கிறது.

"இது என்ன பிரமாதம்? மதுக்கடைகள் நெருங்கி வந்தால் புதுச்சேரி என்று தெரிந்துகொள்ள வேண்டியதுதான்!" என்றார் நண்பர்.

இன்று அது வேடிக்கைப் பேச்சு. 1954 வரையில் அது இரண்டு ராஜ்யங்களுக்கு நடுவே இருந்த எல்லை.

கோடு இத்தனை கோணலாகப் போனதற்குச் சண்டையும் காரணம், சமாதானமும் காரணம். 1793-இல் ஆங்கிலேயர் புதுச்சேரியைப் பிடித்துக்கொண்டார்கள். 1792 ஜனவரி 1-ஆம் தேதி பிரெஞ்சுக்காரர் வசம் இருந்ததைத் திருப்பிக் கொடுப்பது என்று 1814-இல் பாரிஸ் உடன்படிக்கையில் முடிவாயிற்று. 1816-இல் கொடுத்தார்கள். நடுநடுவே இருந்த ஆங்கிலேயர் கிராமங்கள் அப்படியே நின்றன. பாரிஸில் கையெழுத்திட்டவர்கள் பாகூர் வயல்களைக் கண்டிருக்க மாட்டார்கள்.

ஆனாலும் அந்தக் கோணல் கோட்டுக்குத் தமிழர்கள் நன்றி சொல்லத்தான் வேண்டும். 1908-இல் பாரதியார் அதைத் தாண்டி வந்தார். 1910-இல் அரவிந்தர் வந்தார், வ.வே.சு. ஐயரும் வந்தார். ஆங்கில சர்க்காரின் ஒற்றர்கள் பின்தொடர்ந்தார்கள். ஆனால் பிரெஞ்சு மண்ணில் கைது செய்ய அவர்களுக்கு அதிகாரம் இல்லை. 'பாஞ்சாலி சபத'மும் 'குயில் பாட்டு'ம் அந்த நிழலில் பிறந்தவை.

நிழல் தந்த கோடே சுவராகவும் நின்றது. 'இந்தியா' பத்திரிகை ஆங்கிலேயர் நாட்டுக்குள் நுழையக் கூடாது என்று தடுத்தார்கள். 1910-இல் அது நின்றுபோயிற்று. 1918 நவம்பரில் பாரதியார் புதுச்சேரியை விட்டுக் கிளம்பினார். எல்லை தாண்டியதும் கடலூர் அருகே கைதானார். டிசம்பரில் விடுதலையாகும் வரை கடலூர்ச் சிறையில் இருந்தார். பத்து வருஷம் காத்த கோடு, தாண்டிய அன்றே அவரைப் பிடித்துக் கொடுத்துவிட்டது.

பாரதியாராவது சரித்திர புருஷர். எங்கள் பாட்டி யார்? கடலூரில் பிறந்து புதுச்சேரியில் வாழ்க்கைப்பட்டவள், அவ்வளவுதான். 1941 முதல் இரு தரப்புக்கும் இருந்த சுங்க ஒப்பந்தம் 1949-இல் முடிந்தது. எல்லையில் சோதனை திரும்பி வந்தது. மறு வருஷம் பாட்டி தலைதீபாவளிக்குப் பிறந்தகம் போனாள். சாவடியில் பெட்டியைத் திறக்கச் சொன்னார்களாம். கூறைப் புடவையை யாரோ ஓர் ஆண் விரித்து உதறிப் பார்த்தானாம்.

"இந்தப் பக்கமும் தமிழ் பேசுகிறவன், அந்தப் பக்கமும் தமிழ் பேசுகிறவன். பிறகு எதற்கடா என் புடவையை உதறினான்?" என்று கடைசிவரை கேட்டுக்கொண்டிருந்தாள். எனக்குப் பதில் தெரியவில்லை.

பதில் கீழூரில் கிடைத்தது. 1954 அக்டோபர் 18-ஆம் தேதி அந்தக் கிராமத்தில் மக்கள் பிரதிநிதிகள் 178 பேர் கூடி வாக்களித்தார்கள். இந்தியாவோடு சேர 170 பேர்; வேண்டாம் என்றவர்கள் 8 பேர். நவம்பர் 1-ஆம் தேதி நிர்வாகம் கைமாறியது. உடன்படிக்கை 1956-இல் கையெழுத்தாகி, 1962 ஆகஸ்டு 16-இல்தான் சட்டப்படி நடப்புக்கு வந்தது. காகிதம் வந்து சேர்வதற்கு எட்டு வருஷம் முன்னதாகவே ஜனங்கள் கோட்டைத் தாண்டிவிட்டார்கள்!

கடலூர் நெருங்கும்போது, "கொஞ்சம் மெதுவாகப் போங்கள்" என்றேன்.

"ஏன், யாராவது நிறுத்துவார்களா?" என்றார் நண்பர்.

ஒருவரும் நிறுத்தவில்லை. பின் ஆசனத்தில் என் மனைவியின் புடவைப் பெட்டி பூட்டியபடியே வந்துகொண்டிருந்தது.