வீடு திரும்பும் புறாக்கள்

தமிழில் தூது என்றொரு பிரபந்த வகை உண்டு. காதலின் பொருட்டோ பொருளுதவி வேண்டியோ ஒருவர் மற்றொருவரிடம் ஏதேனும் ஒன்றைத் தூதாக விடுப்பதாகப் பாடுவது அதன் இலக்கணம். தூது செல்லத் தக்கவை என்று பத்துப் பொருள்களை இலக்கண நூலார் வகுத்துள்ளனர். அன்னம், மயில், கிளி, மேகம், பூவை, தோழி, குயில், நெஞ்சு, தென்றல், வண்டு என்பன அவை. இவற்றில் புறா இல்லை. காலில் கடிதம் கட்டி அனுப்பினால் மெய்யாகவே கொண்டு சேர்க்கும் பறவை புறா ஒன்றே. அதனையே நம் புலவர்கள் விட்டுவிட்டார்கள்.

இதனைக் குறையென்று கொள்வதற்கில்லை. நாம் ஏவிய இடத்துக்குப் புறா போவதில்லை. தன் கூட்டுக்குத் திரும்ப மட்டுமே அதற்குத் தெரியும். அதனைக் கூடையில் இட்டுத் தொலைதூரம் கொண்டு சென்று அவிழ்த்துவிட்டால், பிறந்து வளர்ந்த மாடத்தைத் தேடிப் பறந்து வரும். அந்த வருகையைப் பயன்படுத்திக்கொண்டு மனிதன் அதன் காலில் தன் செய்தியைக் கட்டுகிறான். ஆங்கிலத்தில் 'ஹோமிங் பிஜன்' என்று இதற்குப் பெயர். தூதுப்புறா என்று நாம் மொழிபெயர்த்து வழங்குகிறோம். மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்டவன் என்ற முறையில் எனக்கு இச்சொல்லில் முழுத் திருப்தி இல்லை. 'வீடு திரும்பும் புறா' என்பதே பொருளுக்கு நெருங்கியது. ஆயினும் வழக்கில் ஊன்றிய சொல்லை அலுவலகக் குறிப்பு எழுதி மாற்றிவிட முடியாதல்லவா?

சங்கப் புலவர்கள் புறாவை நன்கறிந்திருந்தனர். வெயில் காயும் பாலை நிலத்தில் ஆண்புறா தன் பெடையின் வருத்தத்தை மென்சிறகால் ஆற்றுவதை அவர்கள் கண்டு பாடினார்கள். தன்னை அடைந்த புறாவுக்காகத் தசையை அரிந்து தராசிலிட்ட சிபியின் மரபில் வந்தவர்கள் என்பதால் சோழர்களுக்குச் செம்பியர் என்ற பெயரும் நிலவியது. நம்மவர் கண்ணுக்குப் புறா, துணையைப் பிரியாத பறவை. அடைக்கலம் தேடி வந்த பறவை. விளையாட்டுக்குரிய பறவையாக அது சிறப்படைந்தது வேறு இடங்களில்.

மொகலாயப் பேரரசர் அக்பர் புறா வளர்ப்பில் பெருவிருப்பம் உடையவர். 'இஷ்க்பாஸி' என்று அவ்விளையாட்டுக்குப் பெயர் வைத்தவரும் அவரே. அரண்மனையில் 20,000-க்கு மேற்பட்ட புறாக்கள் இருந்ததாக அபுல் ஃபஸ்ல் எழுதுகிறார். அவை வட்டமிட்டுப் பறப்பதும் வானில் கரணம் அடிப்பதுமே அங்கு வேடிக்கை. சென்னையில் இன்றும் 'கர்ணப் புறா' என்று வளர்க்கப்படுவன இந்த இனத்தைச் சேர்ந்தவை. நெடுந்தூரப் பந்தயத்துக்குரிய 'ஹோமர்' வேறு. அது பத்தொன்பதாம் நூற்றாண்டில் பெல்ஜியத்தில் உருவாக்கப்பட்டது. நெஞ்சு அகன்று, சிறகு இறுகி, நெடுநேரம் ஒரே வேகத்தில் பறக்கும் உடல்வாகு உடையது.

அந்நூற்றாண்டில் புறா செய்த ஊழியம் சிறிதன்று. 1850-இல் ஜெர்மனியின் ஆகென் நகருக்கும் பெல்ஜியத்தின் பிரஸ்ஸல்ஸ் நகருக்கும் இடையே தந்திக் கம்பி இல்லாத இடைவெளி ஒன்று இருந்தது. பால் ஜூலியஸ் ராய்ட்டர் என்பவர் 45 புறாக்களை வைத்து அவ்விடைவெளியை நிரப்பினார். ரயில் 6 மணி நேரத்தில் கொண்டுவந்த பங்குச் சந்தைச் செய்தியைப் புறா 2 மணி நேரத்தில் கொண்டுவந்தது. உலகெங்கும் பெயர் பெற்ற ராய்ட்டர் செய்தி நிறுவனத்தின் வரலாறு இவ்வாறு தொடங்குகிறது. 1870-இல் பிரஷ்யப் படை பாரிஸ் நகரை முற்றுகையிட்டபோது, நகரத்துப் புறாக்களை ஆகாயக் கூண்டுகளில் ஏற்றி வெளியே அனுப்பினார்கள். வெளியூர்க் கடிதங்களைச் சிறிய படச்சுருளில் நுண்ணெழுத்தாகப் பதித்து, அப்புறாக்களின் வாலிறகில் கட்டித் திருப்பிவிட்டார்கள். 300-க்கு மேல் அவிழ்த்துவிடப்பட்டன. நகரம் வந்து சேர்ந்தவை 60-க்கும் குறைவு. குளிரும் வல்லூறும் துப்பாக்கிக் குண்டும் மற்றவற்றைக் கொண்டுபோயின. எனினும் ஒரே செய்தியைப் பல புறாக்களிடம் கொடுத்திருந்தமையால் ஆயிரக்கணக்கான கடிதங்கள் உரியவர் கையை அடைந்தன.

கம்பியில்லாத் தந்தி வந்தது. புறாவுக்கு இனி வேலை இல்லை என்று எண்ணப்பட்டது. வானொலி இதழில் எழுதும்போது இதனைச் சற்று அடக்கமாகவே சொல்லவேண்டும், ஏனெனில் புறாவின் உத்தியோகத்தைப் பறித்தது வானொலிக் கருவிதான். ஆனால் அக்கருவி கைவிட்ட வேளைகளும் உண்டு. 1943 அக்டோபர் 18 அன்று, இத்தாலியில் கால்வி வெக்கியா என்ற ஊரைப் பிரிட்டிஷ் துருப்புகள் எதிர்பார்த்ததற்கு முன்பே கைப்பற்றிவிட்டன. அதே ஊர்மீது குண்டு வீச விமானங்கள் புறப்பட ஆயத்தமாயிருந்தன. வானொலிவழித் தகவல் போய்ச் சேரவில்லை. ஜி.ஐ. ஜோ என்ற புறா ஏறத்தாழ 20 மைல் தூரத்தை 20 நிமிஷத்தில் கடந்து விமானத் தளத்தை அடைந்தது, தாக்குதல் நிறுத்தப்பட்டது. விலங்குகளுக்கென ஏற்பட்ட டிக்கின் பதக்கம் 1946-இல் அதற்கு அளிக்கப்பட்டது. இரண்டாம் உலகப் போரின் சேவைக்காக அப்பதக்கம் பெற்ற புறாக்கள் 32.

போர் முடிந்ததும் இந்திய மண்ணில் ஒரு புதிய அத்தியாயம் தொடங்கியது. நம் நாட்டுப் புறா வரலாற்றில் மிகச் சிறந்த பகுதி இதுவென்பது என் கருத்து. 1946-இல் ராணுவத்திடமிருந்து சுமார் 200 புறாக்களை ஒரிஸ்ஸாக் காவல்துறை பெற்றுக்கொண்டது. கோராபுட் மாவட்டத்தில் முதலில் சோதனை நடந்தது. மலையும் காடும் அடர்ந்த பகுதி அது. அங்கே பல காவல் நிலையங்களுக்குத் தொலைபேசியும் இல்லை, கம்பியில்லாத் தந்தியும் இல்லை. சோதனை வெற்றி பெறவே, கட்டாக் நகரைத் தலைமையிடமாகக் கொண்டு சேவை விரிந்தது. அதில் மூன்று வகை இருந்தன. நிலையான கூட்டுக்குத் திரும்புவது ஒன்று. இடம் மாறும் கூட்டுக்குத் திரும்புவது மற்றொன்று. மூன்றாவதற்குப் 'பூமராங்' என்று பெயர். ஓரிடத்தில் உறைவிடமும் மற்றோரிடத்தில் உணவும் வைத்துப் பழக்கி, செய்தி கொண்டுபோய்ப் பதிலும் கொண்டுவரும்படி செய்தார்கள். புறா ஒரு திசையில் மட்டுமே செல்லும் என்று மேலே சொன்னேன். பசியும் வீடும் இரு வேறு ஊர்களில் இருந்தால் இரு திசையிலும் செல்லும் என்று அதைத் திருத்திக்கொள்ளலாம். பிழைப்புக்காக ஊர்விட்டு ஊர் வந்த நேயர்களுக்கு இதனை விளக்க வேண்டுவதில்லை.

1948 ஏப்ரலில் பிரதமர் நேரு ஹிராகுட் அணையின் பொருட்டுச் சம்பல்பூர் வந்திருந்தார். அடுத்துக் கட்டாக்கில் பொதுக்கூட்டம். கூட்ட ஏற்பாட்டைப் பற்றி அவர் எழுதிய குறிப்பை 13-ஆம் தேதி ஒரு போலீஸ் புறா எடுத்துச் சென்றது. வான்வழியில் 200 கிலோமீட்டருக்கு மேற்பட்ட தூரம். முற்பகலுக்குள் புறா கட்டாக் சேர்ந்தது. பேசுபவரையும் கேட்பவரையும் பிரித்துவைக்கும் வகையில் ஏற்பாடு இருத்தலாகாது என்பதே செய்தியின் சாரம். 1954-இல் புதுதில்லியில் நடந்த தபால் நூற்றாண்டுக் கண்காட்சியில், குடியரசுத் தலைவரின் செய்தியைப் பிரதமருக்குக் கொண்டு சென்றவையும் இவ்வகைப் புறாக்களே. ஆடம்பர நிகழ்ச்சிகளைக் காட்டிலும் பேரிடர்க் காலத்தில் இவை ஆற்றிய பணியே பெரிது. 1982 வெள்ளத்தில் பாங்கி ஊர் துண்டிக்கப்பட்டபோதும், 1999-இல் பெரும்புயல் கம்பிகளையும் கோபுரங்களையும் சாய்த்தபோதும், செய்தி எடுத்துச் செல்ல இப்புறாக்களே எஞ்சியிருந்தன. கைத்தொலைபேசி பரவியபின், இந்நூற்றாண்டின் முதல் பத்தாண்டுக்குள் காவல் பணியிலிருந்து அவை விடுவிக்கப்பட்டன. எனினும் கூண்டுகள் காலியாகவில்லை. 2018 ஏப்ரலில் 'இன்டாக்' என்னும் மரபுக் காப்பு அமைப்பின் முயற்சியால் 50 புறாக்கள் புவனேசுவரத்திலிருந்து கட்டாக்குக்குச் செய்தியுடன் பறந்தன.

அரசாங்கம் விட்ட இடத்தில் சாமானிய மக்கள் தொடர்ந்து வளர்க்கிறார்கள். ராயபுரம், வியாசர்பாடி முதலிய வடசென்னைப் பகுதிகளில் ஓட்டு வீட்டின்மேல் மரப்பலகைக் கூண்டு கட்டிப் பந்தயப் புறா வளர்க்கும் குடும்பங்கள் பல. 2015-இல் வெளிவந்த 'மாரி' திரைப்படம் அவ்வுலகத்தை ஊரறியச் செய்தது; படத்தில் அடிதடி சற்று மிகுதி என்பது வேறு விஷயம். பெங்களூரிலும் இதற்கெனச் சங்கங்கள் உள்ளன. தமிழும் கன்னடமும் உருதுவும் ஒரே கூடத்தில் ஒலிக்கும் சங்கங்கள் அவை.

எலெக்ட்ரானிக் சிட்டியைப் பற்றி இங்கே ஒரு வார்த்தை. ஒசூர் சாலையில், தமிழ்நாட்டு எல்லைக்கு அருகே, கோணப்பன அக்ரஹாரம், தொட்டதோகூர் என்னும் கிராமங்களின் நிலத்தில், 1970-களின் இறுதியில் கர்நாடக அரசின் 'கியோனிக்ஸ்' நிறுவனம் அமைத்த தொழிற்பேட்டை இது. ஆர்.கே. பாலிகா என்பவரின் கனவு என்பர். இன்று 2010-இல் திறந்த மேம்பாலச் சாலையும் 2025-இல் வந்த மெட்ரோ ரயிலும் அதனை நகரத்தோடு பிணைத்துவிட்டன. ஆயினும் கண்ணாடி மாளிகைகளுக்குப் பின்புறம் பழைய கிராமத் தெருக்கள் அப்படியே உள்ளன. மொட்டை மாடி இருக்கும் இடத்தில் புறாக் கூண்டுக்கு இடமின்றிப் போகாது.

பந்தயம் நடக்கும் முறை சுவையானது. குஞ்சு பொரித்த ஒரு வாரத்தில், ஆண்டும் வரிசை எண்ணும் பொறித்த மூடிய வளையத்தைக் காலில் மாட்டுவார்கள். பாதம் பெருத்தபின் அதனைக் கழற்ற இயலாது. அதுவே அப்பறவையின் பிறப்புச் சான்றிதழ். பருவம் வந்ததும் 5 கிலோமீட்டர், 10 கிலோமீட்டர், 25 கிலோமீட்டர் என்று படிப்படியாகத் தூரத்தைக் கூட்டிப் பழக்குவார்கள். பந்தயத்துக்கு முந்திய நாள் புறாக்கள் யாவும் சங்கத்தில் கூடையேறும். வண்டியில் வெளியூர் சென்று, விடியற்காலையில் ஒரே வேளையில் எல்லாக் கூடைகளும் திறக்கப்படும். புறப்படும் இடம் ஒன்று. சேரும் இடமோ ஒவ்வொன்றுக்கும் வேறு. ஆகையால் முதலில் வீடு சேர்ந்த புறா வென்றது என்று சொல்வதற்கில்லை. ஹைதராபாத்திலிருந்து பறந்து வருவதாகக் கொள்வோம். நகரின் வடபுறத்து எலகங்காவைக் காட்டிலும் தென்புறத்து எலெக்ட்ரானிக் சிட்டி ஏறக்குறைய 25 கிலோமீட்டர் அதிகத் தொலைவு. நிமிஷத்துக்கு 1,000 மீட்டர் வேகத்தில் வரும் இரு புறாக்களில் எலகங்காப் புறா 25 நிமிஷம் முந்திக் கூடடையும். ஆயினும் இரண்டும் சமம். ஒவ்வொரு கூண்டின் தூரத்தையும் அளந்து, பறந்த நேரத்தால் வகுத்து, நிமிஷத்துக்கு எத்தனை மீட்டர் என்று கண்டே பரிசு தருகிறார்கள்.

முற்காலத்தில் பந்தயத்துக்கென மாட்டிய ரப்பர் வளையத்தைப் புறா வந்ததும் கழற்றி, முத்திரையிட்ட கடிகாரத்தினுள் போடவேண்டும். கூரைமேல் இறங்கிய புறா கூண்டுக்குள் நுழையாமல் வேடிக்கை பார்த்து நின்றால், உடையவர் கீழே கையில் தானியத்தோடு தவித்து நிற்பார். பத்து மணி நேரம் பறந்த பயன் பத்து நிமிஷத்தில் பாழாகிவிடும். இப்போது வளையத்தினுள்ளேயே மின்னணுச் சில்லு இருக்கிறது; நுழைவாயில் பலகையை மிதித்தவுடன் நேரம் பதிவாகிறது. மின்னணுத் தொழிலுக்கென்றே எழுந்த பேட்டையின் ஓரத்தில் நின்று இதனைக் காண்பது பொருத்தமாகவே இருக்கிறது.

புறா எவ்வாறு வழி அறிகிறது என்ற கேள்வி தீர்ந்தபாடில்லை. சூரியன் நிற்கும் நிலையைக் கொண்டு திசை அறிகின்றன என்பர். 1971-இல் அமெரிக்க அறிஞர் கீட்டன், மேகமூட்டமான நாளில் காந்தம் கட்டிய புறாக்கள் திசை தடுமாறுவதைக் காட்டினார். இத்தாலிய அறிஞர் பாப்பி மோப்பமே முதன்மை என்றார். 2004-இல் ஆக்ஸ்ஃபோர்டு ஆய்வாளர்களோ, பழகிய வட்டாரத்தில் புறாக்கள் நெடுஞ்சாலையைப் பார்த்துக்கொண்டே பறந்து சந்திப்புகளில் திரும்புவதையும் கண்டார்கள். நம்மில் பலரும் ஊருக்குப் போவது அவ்வாறுதானே!

ஒன்றை மறைக்காமல் சொல்லவேண்டும். அவிழ்த்துவிட்ட புறாக்கள் அனைத்தும் வீடு திரும்புவதில்லை. வல்லூறு, மின்கம்பி, கோடை வெயில், திடீர் மழை ஆகிய யாவும் பங்கு கேட்கின்றன. பந்தயத் தூரம் ஏற ஏற இழப்பும் ஏறுகிறது. வானவழியில் ஹைதராபாத் 500 கிலோமீட்டர்; நாகபுரி 900-க்கு மேல். ஒரே நாளில் வரக்கூடிய தூரத்துக்கும், வழியில் இரவு தங்கி, தாகத்தோடு மறுநாளோ அதற்கு மறுநாளோ வரவேண்டிய தூரத்துக்கும் உள்ள வேறுபாடு பறவையின் உயிரைப் பொறுத்தது. கோடையில் மிக நெடிய பந்தயங்களைச் சுருக்கினால் சங்கங்களின் புகழ் குன்றிவிடாது என்பது என் துணிபு. 2020-இல் 'நியூ கிம்' என்ற பெல்ஜியப் பெண்புறா 16 லட்சம் யூரோவுக்கு ஏலம் போயிற்று. அப்படிப்பட்ட பணம் புழங்கும் இடத்தில் இத்தகைய சொல் எடுபடாது. நம் மாடிகளில் எடுபடலாம், இங்கே பெரும்பாலோர் வளர்ப்பது கூலியில் மிச்சம் பிடித்த காசில்.

கம்பும் சோளமும் பட்டாணியும் வாங்கும் செலவைப் பற்றி இவர்களில் ஓர் அன்பரிடம் கேட்டேன். வடசென்னையில் பிறந்து இங்கே பட்டறையில் வேலை செய்பவர். செலவுக் கணக்கை விட்டுவிட்டு, மூன்று பருவங்களுக்கு முன் காணாமற்போன ஒரு சாம்பல் நிறப் பெண்புறாவின் வளைய எண்ணைச் சொன்னார். அதன் ஜோடி அதே கூண்டில் இருந்தது. வேறு துணை சேர்த்தும் அது ஒட்டவில்லையாம்.

பந்தயத்துக்குக் குறித்த நேரம் முடிந்ததும் கணக்கு மூடப்படும். அதற்குப்பின் வரும் புறாவுக்குப் பரிசுமில்லை, பட்டியலில் இடமுமில்லை. ஆனாலும் அன்றிரவு அவர்கள் கூண்டின் நுழைவாயிலைச் சாத்துவதில்லை. கிண்ணத்தில் தண்ணீர் நிரப்பிவைத்து, பூனை ஏறாதபடி ஏணியை எடுத்துவிட்டு, மாடியிலேயே பாய் விரித்துப் படுத்துக்கொள்கிறார்கள்.