பருத்திக்காடும் ஐசியூ டாக்டரும்

பெரம்பலூர், அரியலூர்ப் பக்கம் பருத்தியும் மக்காச்சோளமும் நிறைய. பருத்தி போட்டா மருந்தடிச்சே ஆகணும். (விஷத்துக்கு ‘மருந்து’ன்னு பேர் வெச்சது யாருன்னு தெரியல!) 2017-ல பெரம்பலூர் மாவட்டத்துல பருத்திக்கு மருந்தடிச்சவங்க சிலர் அந்தக் காத்தைச் சுவாசிச்சே செத்துப் போனாங்க. அதே பருவத்துல மகாராஷ்டிரா யவத்மாலில் இன்னும் பெரிய அளவில் நடந்தது.

இந்த விஷத்தோட பல வருஷம் மல்லுக்கட்டினவர் வேலூர் சி.எம்.சி. டாக்டர் ஜே.வி.பீட்டர். தீவிர சிகிச்சைப் பேராசிரியர். 2017 முதல் 2022 வரை, கொரோனா காலம் உட்பட, சி.எம்.சி.யின் இயக்குநர். ஆனா எனக்கு அவரோட பதவியை விட அவர் கேட்ட ஒரு கேள்விதான் பெருசாத் தெரியுது.

மேட்டர் இதுதான். ஆர்கனோபாஸ்பேட் வகை விஷம் உடம்புல ஒரு முக்கியமான நொதியைப் பூட்டிடும். எச்சில் ஒழுகும், நெஞ்சில் சளி நிரம்பும், தசை செயலிழந்து மூச்சு நிக்கும். சளியை அடக்க அட்ரோபின். பூட்டைத் திறக்க ‘பாம்’ எனப்படும் பிராலிடாக்சிம் ஊசி. புத்தகத்துல அப்படித்தான் இருந்தது, எல்லாரும் போட்டாங்க. நிஜமாவே அது உயிரைக் காப்பாத்துதா?

சி.எம்.சி. குழு சோதிச்சுப் பார்த்தது. 1996-ல வந்த ஆய்வில் ஒரே ஒரு கிராம் ஊசியையும் 12 கிராம் சொட்டு மருந்தையும் ஒப்பிட்டாங்க. 1997-ல மருந்தையும் வெறும் திரவத்தையும். ரெண்டுலயும் நிறைய மருந்து ஏத்தினவங்களுக்குப் பலன் தெரியல, நிலைமை மோசமாத்தான் இருந்தது. ரெண்டு கட்டுரையிலும் பீட்டர் பேர் உண்டு. பிறகு 2006-ல ஆஸ்திரேலியாவின் ஜான் மோரனோட சேர்ந்து, உலகத்துல வந்த ஆய்வுகளை எல்லாம் தொகுத்து அலசினார். அப்பவும் அதே முடிவுதான்.

அதோட முடிஞ்சுதான்னா, இல்லீங்க. அதே 2006-ல மகாராஷ்டிரா பாராமதியில் 200 பேரை வெச்சு நடத்தின ஆய்வு, அதிக டோஸ் கொடுத்தா சாவு குறையுதுன்னு சொன்னது. 2009-ல இலங்கை ஆய்வு பலனில்லைன்னு திருப்பிப் போட்டது. வழக்கு இன்னும் நிலுவையில்தான்!

சந்தேகமே இல்லாத விஷயம் வெண்டிலேட்டர். உடம்பு புது நொதியைத் தயாரிக்கிற வரைக்கும் மூச்சை ஓட்டிக் கொடுத்தா ஆள் பிழைக்க வாய்ப்பு உண்டு. இதுல ஒரு கண்ணி இருக்கு. 1987-ல இலங்கை டாக்டர்கள் சேனநாயக்கவும் காரல்லியத்தவும் சொன்னது: முதல் கண்டம் தாண்டி, ஒண்ணுல இருந்து நாலு நாளுக்குள்ள, நல்லா இருக்கிற மாதிரி தெரியறவருக்குத் திடீர்னு மூச்சுத் தசை செயலிழக்கலாம். கழுத்தைத் தூக்க முடியலன்னா அதுதான் எச்சரிக்கை. ‘தெளிஞ்சுட்டாரு, வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறோம்’னு சொந்தக்காரங்க அவசரப்படறது சரியா அந்த நேரத்துலதான். நாலு நாள் கட்டில் இருக்கணும், பக்கத்துல நர்ஸ் இருக்கணும், மெஷினும் இருக்கணும்.

அரியலூருக்கு அரசு மருத்துவக் கல்லூரி வந்ததே 2022 ஜனவரியில்தான். அதுவரைக்கும் அந்த மாதிரி அரசு ஆஸ்பத்திரின்னா திருச்சிக்கோ தஞ்சாவூருக்கோ ஓடணும். மோனோகுரோட்டோபாஸ் உட்பட ஆறு பூச்சிமருந்துகளைத் தமிழக அரசு 2023 தொடக்கத்துல 60 நாளைக்குத் தடை பண்ணினது. அறுபதே நாள்! அதே வருஷக் கடைசியில் மத்திய அரசும் மோனோகுரோட்டோபாஸ் 36% திரவத்துக்குத் தடை போட்டது, கையிருப்பைத் தீர்க்க அவகாசத்தோட.