கண்டியச் சட்டம்

கண்டி இராச்சியத்தின் வழக்காறுகளிலிருந்து உருவாகி, இலங்கையின் கண்டியச் சிங்களவருக்கு இன்றும் செல்லுபடியாகும் ஆள்சார் சட்டம். யாழ்ப்பாணத்துத் தேசவழமை, முஸ்லிம் சட்டம் ஆகியவற்றுடன் சேர்த்து எண்ணப்படுவது. திருமணம், விவாகரத்து, வாரிசுரிமை, நன்கொடை ஆகியவற்றில் இது செல்லும். இதற்கு வம்சமே அளவுகோல், வசிப்பிடம் அல்ல. தலைமுறைகளாகக் கண்டிப் பகுதியின் கலஹாவிலும் ஹந்தானையிலும் வாழும் தோட்டத் தமிழரைக் கட்டுப்படுத்துவது பொதுச் சட்டமே.

1815 மார்ச் 2 அன்று மகுல் மடுவ மண்டபத்தில் பிரித்தானியரும் கண்டிப் பிரதானிகளும் ஏற்ற கண்டி உடன்படிக்கை சித்திரவதையையும் உறுப்புச் சிதைப்பையும் ஒழித்தது. கண்டியருக்கு அவர்களது வழக்கப்படியே நீதி வழங்கப்படும் என்றும் வாக்களித்தது. பிரித்தானியருக்கு எதிரான 1818 கிளர்ச்சி அடக்கப்பட்டபின் பிரதானிகளின் நீதி அதிகாரம் சுருங்கியது. 1833 நீதிப் பட்டயம் தனி நீதிமன்ற அமைப்பையும் எடுத்துவிட்டது. சட்டம் மட்டும் எஞ்சியது. ஜோன் டொயிலி, சைமன் சாவர்ஸ் முதலிய பிரித்தானிய அதிகாரிகள் கேட்டு எழுதிய குறிப்புகளே பின்னாளில் நீதிபதிகளுக்கு ஆதாரமாயின. ஊருக்கு ஊர் நெகிழ்ந்து நின்ற வழக்கம் அவற்றில் சற்று இறுகியும் போயிற்று.

திருமணம் இருவகை. மனைவி கணவன் வீட்டுக்குப் போவது தீக. கணவன் மனைவி வீட்டில் வந்து குடியேறுவது பின்ன. பின்ன மாப்பிள்ளை, மனைவி வீட்டார் போகச் சொன்னால் மழையோ இரவோ பாராது கிளம்ப வேண்டியவன். அதற்காகக் கைத்தடி, குடைப்பனை ஓலை, சூள் (தீப்பந்தம்) மூன்றையும் வாசலில் தயாராக வைத்திருக்க வேண்டும் என்பது பழைய விதி.

1859ஆம் ஆண்டின் 13ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், சகோதரர் ஒரே மனைவியைக் கொள்ளும் வழக்கத்தைத் தடைசெய்து, பதிவுசெய்த திருமணமே செல்லும் என்றது. விவாகரத்தையும் கடினமாக்கியது. மக்கள் பதிவுக்கு வராமல் பழையபடியே குடும்பம் நடத்தினர். சட்டத்தின் கண்ணில் அவர்களது பிள்ளைகள் முறையற்றோர் ஆயினர். 1870இல் அரசு இறங்கிவந்து, இருவரும் மனமொத்துப் பிரிவதற்கு வழிவிட்டது. சீர்திருத்தம் என்ற பெயரில் நேர்ந்த இந்தச் சறுக்கல் இச்சட்டத்தின் வரலாற்றில் மிகவும் கவனிக்கத்தக்க பகுதி.

இன்று நடைமுறையில் இருப்பது 1952ஆம் ஆண்டின் 44ஆம் இலக்கக் கண்டிய விவாக, விவாகரத்துச் சட்டம். இதன்படி விவாகரத்து கொடுப்பவர் மாவட்டப் பதிவாளர். நீதிமன்றப் படியேற வேண்டியதில்லை. பரஸ்பர சம்மதம் போதும். ஓராண்டு பிரிந்து வாழ்ந்ததும் காரணமாகும். பொதுச் சட்டத்திலோ சோரம், வன்மமாகக் கைவிடல், திருமணத்தின்போதே இருந்த தீராத ஆண்மைக்குறைவு ஆகியவற்றில் ஒன்றை மாவட்ட நீதிமன்றத்தில் நிரூபித்தாக வேண்டும். ஒரே மாவட்டத்தில் கண்டியத் தம்பதியருக்கு அலுவலகத்தில் முடியும் காரியம், பக்கத்துத் தோட்டத்துத் தம்பதியருக்கு வழக்கறிஞர் செலவோடு இழுபடும். பழமையானது எனப்படும் சட்டமே இவ்விடயத்தில் சாமானியருக்கு எட்டுகிறது.

ஆயினும் பாரபட்சம் தீரவில்லை. மனைவியின் சோரம் தனியே விவாகரத்துக்குப் போதும். கணவனுடையது முறைதகாப் புணர்ச்சியோடோ கொடுமையோடோ சேர்ந்திருக்க வேண்டும். 1978 அரசியலமைப்பின் 16(1) உறுப்புரை, முன்பிருந்த சட்டங்கள் அடிப்படை உரிமைகளுக்கு முரணானாலும் செல்லும் என்கிறது. அதனால் இதைச் சமத்துவத்தின் பேரில் நீதிமன்றத்தில் வீழ்த்த வழியில்லை, பாராளுமன்றமே திருத்த வேண்டும். 1995இல் திருமண வயது 18 ஆக உயர்ந்தது அப்படித்தான்.

வாரிசுரிமையிலும் அப்படியே: சகோதரர் இருக்க, தீகத்தில் போன மகள் தந்தையின் காணியில் பங்கிழக்கிறாள். உயிரோடிருக்கும்போதே நன்கொடை உறுதி எழுதிக் கொடுப்பது இதற்கு ஒரு மாற்றுவழி. அதிலும் ஒரு கண்ணி உண்டு: 1938ஆம் ஆண்டின் 39ஆம் இலக்கக் கட்டளைச் சட்டப்படி, கொடுத்தவர் பொதுவாக அதை ரத்துச் செய்யலாம். அந்த உரிமையைத் துறப்பதாக உறுதியிலேயே வெளிப்படையாக எழுதும்படி நொத்தாரிசிடம் கேட்டுக்கொள்வது மகளுக்கு நல்லது.