ஊவாவின் கச்சான்

நாட்டு வரலாற்றை எழுதுவோர் அரசரையும் போரையும் முதன்மையாகக் கொள்வர். இலங்கை மலைநாட்டு வரலாற்றிலோ காற்றுக்கும் மழைக்கும் பெரும்பங்கு உண்டு. ஊவா இதற்குச் சான்றாகும்.

ஊவா மாகாணத்தின் தலைநகராகிய பதுளை, கடல்மட்டத்திலிருந்து சுமார் 680 மீட்டர் உயரத்தில், நமுனுகுல மலையை அண்டிய பள்ளத்தாக்கில் அமைந்துள்ளது. மே முதல் செப்டெம்பர் வரை வீசும் தென்மேல் பருவக்காற்று, தான் கொணரும் மழையை ஹட்டன், நுவரெலியா முதலிய பகுதிகளிலேயே பெரிதும் பொழிந்துவிடுகிறது. பின்னர் மலைமுடியைக் கடந்து ஊவாவில் இறங்குங்கால் அழுத்தமுற்று, வெப்பமடைந்து, வறண்ட காற்றாகிறது. இதனையே மக்கள் கச்சான் என்பர். அந்நாட்களில் மலைப்புல் காய்ந்து தீப்பற்றுவதும், புகை பள்ளத்தாக்குகளிற் படிவதும் உண்டு. ஊவாவுக்குரிய பெருமழை ஒக்டோபர் முதல் ஜனவரி வரை பெய்கிறது.

தேயிலைக்கு முன் இம்மலைகளை ஆண்ட பயிர் கோப்பி. 1869இல், பதுளைக்குக் கிழக்கேயுள்ள மடுல்சீமையில், கோப்பி இலைகளின் அடிப்புறத்தே செம்மஞ்சள் நிறப் பொடி காணப்பட்டது. ஆங்கில அறிஞர் பார்க்லி அப்பூஞ்சணத்துக்கு ஹெமிலியா வாஸ்டாட்ரிக்ஸ் எனப் பெயரிட்டார். 1880இல் இலங்கைக்கு வந்த மார்ஷல் வார்ட், கிளிசரின் பூசிய கண்ணாடித் தகடுகளைத் தோட்டங்களில் வைத்து, காற்றில் மிதந்துவந்த நோய்வித்துகளைப் பிடித்துக் காட்டினார். காட்டை அழித்து, ஒரே பயிரை இடைவெளியின்றி நட்டமை நோய் பரவ வழிசெய்தது என்றும் அவர் உணர்த்தினார். 1880களின் இறுதிக்குள் கோப்பித்தொழில் வீழ்ந்தது. தமிழகத்தினின்று கால்நடையாக வந்து அதனை நம்பி வாழ்ந்த தொழிலாளர் பலர் பிழைப்பிழந்தனர்.

அதன் இடத்தைத் தேயிலை பிடித்தது. 1867இல் ஜேம்ஸ் டெய்லர் கண்டிக்கு அண்மையிலுள்ள லூல்கந்துரையில் தொடங்கிய இப்பயிர், விரைவில் ஊவாவையும் போர்த்தது. ஊவாவின் தேயிலைக்குப் புகழ் தந்தது கச்சானேயாகும். ஜூலை முதல் செப்டெம்பர் வரை வறண்ட காற்றால் வருந்தும் செடி மெல்லவே துளிர்க்கிறது. அதன் இலையில் மெதைல் சாலிசிலேட் முதலிய மணப்பொருள்கள் மிகுகின்றன. அந்நறுமணத்துக்காக உலகச் சந்தை உயர்ந்த விலை கொடுக்கிறது. ஆயினும் விலை உயரும் அப்பருவத்திலேயே கொழுந்து அருகுகிறது. பகல் முழுதும் மலையேறியும் குறித்த நிறை சேராவிடில் அரைப்பேர் எழுதப்படும் வழக்கம் தோட்டங்களில் நிலவியது. சந்தைக்குச் செல்வமாக வந்த காற்று, கொழுந்து பறித்தவளின் கூலியைக் குறைத்தது.

கச்சானை அடுத்து வரும் மழையும் சுமையை அவர்கள்மீதே ஏற்றியது. 2014 ஒக்டோபர் 29ஆம் நாட் காலை, கொஸ்லந்தைக்கு அண்மையிலுள்ள மீரியபெத்தையில் மலை சரிந்து லயன் குடியிருப்புகளை மூடியது. அங்கு மண்சரிவு அபாயம் உண்டென்று முன்னரே எச்சரிக்கப்பட்டிருந்தது. மக்களோ வேறு நிலமின்றி அங்கேயே வாழ்ந்தனர்.

காற்றின் போக்கையும் மழையின் வரவையும் மாற்றுதல் மனிதர்க்கு அரிது. உழைப்போர் எவ்விடத்தே குடியிருத்தல் வேண்டும் என்பதை முடிவு செய்தல் மனிதர் கையிலேயே உள்ளது. வார்ட் மரங்களைப் பற்றிக் கூறிய எச்சரிக்கை கேட்கப்படுமுன் கோப்பி அழிந்தது. மலைச்சரிவில் வாழும் மக்களைப் பற்றிய எச்சரிக்கைக்கும் அந்நிலை நேர்தல் தகாது.