சென்னை தந்த நூலும் இருவகை வாசகரும்

அல்லாமா இக்பால் அவர்களின் பெயரை அறியாத முஸ்லிம் இல்லம் தமிழகத்தில் அரிது. அவர்தம் கவிதைகளை மேற்கோள் காட்டாத மீலாது மேடைகளும் அரியனவே. ஆயினும், அப்பெருங்கவிஞர் உரைநடையில் எழுதிய தலையாய தத்துவ நூல் நமது சென்னை மாநகரின் அழைப்பினால் உருவாயிற்று என்பதை நம்மில் எத்தனை பேர் அறிவோம்? அந்நூல் வெளிவராமலே இருந்திருக்கலாம் என்று ஒரு பேரறிஞர் எண்ணினார். அதே நூலின் வாயிலாக மற்றொருவர் இஸ்லாத்தைத் தழுவினார். ஒரே நூல் இவ்வாறு இருவேறு தீர்ப்புகளுக்கு ஆளானது எங்ஙனம் என்பதைச் சிந்திப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

இந்நூற்றாண்டுக்கு முந்திய சென்னையில், தோல் வணிகத்தில் பெருஞ்செல்வம் ஈட்டி, அச்செல்வத்தைக் கல்விக்கு வாரி வழங்கிய பெருந்தகை ஜமால் முஹம்மத் சாஹிப் அவர்கள். ஆங்கிலக் கல்வி பெற்று வரும் முஸ்லிம் இளைஞர்கள் தங்கள் மார்க்கத்தைத் தெளிவாக அறிந்துகொள்ள வேண்டும் என்னும் கவலையால், நாட்டின் சிறந்த அறிஞர்களை அழைத்துச் சொற்பொழிவாற்றச் செய்யும் திட்டத்துக்கு அவர் தூணாக நின்றார். 1925-ஆம் ஆண்டு அல்லாமா ஸையித் ஸுலைமான் நத்வி அவர்கள் லாலி மண்டபத்தில் அண்ணல் நபி (ஸல்) அவர்களின் வாழ்வைப் பற்றி எட்டுச் சொற்பொழிவுகள் நிகழ்த்தினார்கள். 'குத்பாத்தே மத்ராஸ்' என்று உர்தூ உலகம் போற்றும் நூல் அவற்றின் தொகுப்பேயாகும். 1927-இல் திருக்குர்ஆனின் ஆங்கில மொழிபெயர்ப்பாளரான மர்மட்யூக் பிக்தால் அவர்கள் வந்து இஸ்லாமியப் பண்பாட்டைப் பற்றிப் பேசினார்கள். அந்த வரிசையில் அடுத்து வந்தவரே இக்பால்.

1929 ஜனவரியின் முற்பகுதியில், ஆர்மீனியன் தெருவிலுள்ள கோகலே மண்டபத்தில் அவர் மூன்று உரைகளை ஆங்கிலத்தில் வாசித்தார். அம்மண்டபம் அடையாறு பிரம்ம ஞான சபையின் தலைவியாக விளங்கிய அன்னி பெசன்ட் அம்மையார் தொடங்கிய இந்திய இளைஞர் சங்கத்துக்குரியது. சென்னையிலிருந்து பெங்களூர், மைசூர் சென்று, ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்பு சுல்தானின் அடக்கத்தலத்தைத் தரிசித்து, ஹைதராபாத்திலும் உரை நிகழ்த்தினார். அவ்வாண்டின் பிற்பகுதியில் அலிகர் பல்கலைக் கழகத்தில் ஆறு உரைகளும் முழுமை பெற்றன. 1930-இல் அவை லாகூரில் நூலுருக் கொண்டன. லண்டனில் நிகழ்த்திய ஏழாவது உரையும் சேர்ந்து, 1934-இல் ஆக்ஸ்போர்டு பல்கலைக் கழக அச்சகம் வெளியிட்ட பதிப்பே இன்றும் நிலவும் வடிவம். 'இஸ்லாமியச் சமயச் சிந்தனையின் புனரமைப்பு' என்று அதன் தலைப்பைத் தமிழில் கூறலாம்.

ஸுலைமான் நத்வி அவர்களின் நூலைப் பள்ளி மாணவனும் பயன்கொள்ளப் படிக்கலாம். இக்பாலின் நூலோ பட்டம் பெற்றவர்களையும் முதற் சில பக்கங்களிலேயே திகைக்க வைப்பது. ஒரு பக்கத்தில் இமாம் கஸ்ஸாலியும் ஜெர்மானிய ஞானி காண்ட்டும் எதிரெதிரே நிறுத்தப்படுவர். அடுத்த பக்கங்களில் அஷ்அரிகளின் அணுக் கொள்கை, ஐன்ஸ்டைனின் சார்பியல், பிரெஞ்சு ஞானி பெர்க்ஸனின் காலத் தத்துவம் ஆகிய யாவும் வாசகனுக்கு முன்பே தெரியும் என்பது போலப் பேசப்படும். தொடர்ந்து மௌலானா ரூமியின் கவிதை வரும். கவிஞரைத் தேடி வந்தவர்கள் தத்துவப் பேராசிரியரைக் கண்டு மலைத்து நின்றால் அதில் வியப்பில்லை.

கடினம் எத்தகையது என்பதற்கு ஒன்றைக் காட்டுவோம். காலம் என்பது என்ன? கடிகாரம் காட்டும் காலம் ஒன்று. துண்டு துண்டாக, ஒன்றன்பின் ஒன்றாக வருவது. ஆனால், ஓர் அழகிய கிராஅத்தைச் செவிமடுக்கும்போது நாம் ஒவ்வோர் எழுத்தையும் தனித்தனியே எண்ணிக்கொண்டிருப்பதில்லை. முன்னே ஓதப்பட்டதும் இப்போது ஓதப்படுவதும் நம் உள்ளத்தில் ஒன்றாய்த் திரண்டு நிற்கின்றன. இவ்வாறு பிரிக்க முடியாததாக உள்ளத்தே உணரப்படும் காலமே மெய்யான காலத்துக்கு அருகில் உள்ளது என்பது, பெர்க்ஸனிடம் கற்று இக்பால் மேலும் வளர்த்த கருத்து. இதுவரை எவரும் உடன் வரலாம். ஆனால் அவர் அங்கே நிற்கவில்லை. எதிர்காலம் முன்பே வரைந்து வைக்கப்பட்ட கோடு அன்று, அது திறந்த சாத்தியமாக உள்ளது என்று மேலே செல்கிறார். அவ்விடத்தில் கத்ர் எனும் விதிக் கொள்கையைப் பாடமாகப் பயின்ற ஆலிம் ஒருவர் புருவத்தை உயர்த்தாமல் இருக்க முடியுமா?

உலமாக்களின் தயக்கம் அறியாமையால் எழுந்ததன்று. சுவனமும் நரகமும் இடங்கள் அல்ல, நிலைகளே என்று நான்காம் உரை கூறுகிறது. இஜ்திஹாத் என்னும் ஆய்வுரிமை தனி மனிதரிடமிருந்து மக்கள் பிரதிநிதி சபைக்கு மாறலாம் என்று ஆறாம் உரை கூறுகிறது. இவை இரண்டும் கடும் வாதத்துக்கு உள்ளாயின. இக்பாலின் கவிதையை அரபுலகுக்கு அறிமுகப்படுத்திய மௌலானா அபுல் ஹஸன் அலீ நத்வி அவர்களே, இவ்வுரைகளில் ஏற்றுக்கொள்ள இயலாத விளக்கங்கள் உள்ளன என்று எழுதினார்கள். இவை வெளியிடப்படாதிருந்தால் நன்றாயிருக்கும் என்பது தம் ஆசிரியரான ஸுலைமான் நத்வி அவர்களின் எண்ணம் என்பதையும் பதிவு செய்துள்ளார்கள். சென்னைச் சொற்பொழிவு வரிசையைத் தொடங்கிவைத்தவரே அவ்வரிசையின் புகழ்மிக்க நூலைப் பற்றி இவ்வாறு கருதினார் என்பது வரலாற்றின் விசித்திரம்.

ஐரோப்பிய அறிஞர்களிலும் இசைவு இல்லை. பிரித்தானியக் கீழ்த்திசை அறிஞர் கிப், 1947-இல் வெளியான தம் நூலில் இக்பாலின் முயற்சிக்குப் பெரிதும் முக்கியத்துவம் தந்தார். எனினும், அவர் எடுத்தாளும் திருமறை வசனங்கள் அவர் கொள்ளும் பொருளைத் தாங்குமா என்று ஐயுற்றார்.

மறுபுறம் பாரிஸ் நகரைப் பாருங்கள். கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்து, தத்துவம் பயின்ற ஏவா டி வித்ரே மெயரோவிச் அம்மையாரின் கையில் இந்நூல் கிடைத்தது. நெடுநாளாகத் தம் உள்ளத்தை வருத்திய வினாக்களுக்கு இதில் விடை கண்டார். 1955-இல் இதைப் பிரெஞ்சு மொழியில் பெயர்த்தார். இஸ்லாத்தைத் தழுவி, பின்னாளில் ரூமியின் நூல்களைப் பிரெஞ்சு உலகுக்கு அளித்தார். அதே 1955-இல் கெய்ரோவில் அப்பாஸ் மஹ்மூதின் அரபு மொழிபெயர்ப்பு வெளியாயிற்று. 1958-இல் ஸையித் நதீர் நியாஸியின் உர்தூ மொழிபெயர்ப்பு வந்தது.

இவ்விரு தீர்ப்புகளில் எது சரி? ஒன்றைக் கவனிக்க வேண்டும். உலகம் இவற்றைப் பொதுவாக 'மதராஸ் உரைகள்' என்று அழைக்கிறது. ஆனால் மேலே குறித்த இரு பெருஞ்சர்ச்சைகளும் சென்னையில் வாசிக்கப்பட்ட முதல் மூன்று உரைகளில் உள்ளவை அல்ல. நூலை எடுத்துப் படியாமல், பெயரை வைத்தும் பிறர் சொல்லை வைத்தும் பேசுவோர் இரு பக்கத்திலும் உளர் என்பதற்கு இதுவே சான்று. வானளாவப் புகழ்ந்தவர் பலர் நூலைத் திறக்கவில்லை. ஒதுக்கியவர் பலரும் திறக்கவில்லை.

சென்னையில் வாசித்த மூன்றாம் உரையையேனும் நாம் அறிந்திருக்க வேண்டும். இறைவனைப் பற்றிய கடினமான ஆய்வுக்குப் பின், அது தொழுகையில் வந்து முடிகிறது. கூட்டுத் தொழுகையின் சமூகப் பயனை விளக்கும்போது, தென்னிந்தியாவின் பிராமணர் நாள்தோறும் தீண்டாதார் எனப்பட்டவரோடு தோளோடு தோள் சேர்த்து நிற்க நேர்ந்தால் எத்தகைய ஆன்மிகப் புரட்சி உண்டாகும் என்று எண்ணிப் பார்க்கச் சொல்கிறார். 1929-ஆம் ஆண்டுச் சென்னையைச் சற்றே நினைத்துப் பாருங்கள். மயிலாப்பூர் வீதிகளில் சாதி வேலிகள் உயர்ந்து நின்ற காலம். பிராமணரல்லாதார் இயக்கம் கொதித்தெழுந்த காலம். காலத்தையும் வெளியையும் பற்றி விண்ணில் பறந்துகொண்டிருந்த தத்துவம், தான் நிற்கும் மண்ணைத் தெரிந்தே இறங்கிவந்த இடம் அது. அந்தப் பக்கத்தைப் புரிந்துகொள்ளக் காண்ட்டையோ ஐன்ஸ்டைனையோ கற்றிருக்க வேண்டியதில்லை. பள்ளிவாசலில் ஸஃப்பில் நின்றிருந்தால் போதும். ஆனால் அது நம்மையும் நோக்கிக் கேட்கும் கேள்வியாகும். நம் ஸஃப்பில் காணும் சமத்துவம் பள்ளிவாசல் படியிறங்கிய பின்னும் நம்மோடு வருகின்றதா?

நூலாசிரியர் தமது முன்னுரையிலேயே, தத்துவச் சிந்தனையில் முடிந்த முடிவு என்பதில்லை என்றும், அறிவு வளருந்தோறும் தம் கருத்துகளினும் செம்மையானவை தோன்றக் கூடும் என்றும் ஒப்புக்கொள்கிறார். தம்மை மறுத்துரைக்கும் உரிமையை வாசகனுக்கு அவரே வழங்கிவிட்டார். எனவே, இந்நூலில் பிழை காண்பது இக்பாலுக்கு இழைக்கும் அவமதிப்பு அன்று. படியாமலே வணங்குவதும் படியாமலே விலக்குவதுமே அவமதிப்பு.

கருத்து வேற்றுமையை எவ்வாறு தாங்குவது என்பதையும் அப்பெரியார்களே நமக்குக் காட்டினர். மார்க்கச் சட்ட ஐயங்களை இக்பால் கடிதம் எழுதிக் கேட்டது ஸுலைமான் நத்வி அவர்களிடமே. 1933-இல் மன்னர் நாதிர் ஷாவின் அழைப்பை ஏற்று, ஸர் ராஸ் மஸ்ஊதுடன் இவ்விருவரும் ஆப்கானிஸ்தான் சென்று வந்தனர். கருத்து பிரிந்தது, கண்ணியம் பிரியவில்லை.

நம் இல்லத்து இளைஞர் ஒருவர் இந்நூலைக் கையில் எடுத்தால் அஞ்ச வேண்டாம், தடுக்கவும் வேண்டாம். மூன்றாம் உரையிலிருந்து தொடங்கச் சொல்லுங்கள். அருகில் ஒரு நல்ல ஆலிமையும் அமர்த்துங்கள். புரியாத இடத்தில் புரியவில்லை என்று சொல்லவும், உடன்படாத இடத்தில் காரணத்தோடு மறுக்கவும் பழக்குங்கள். இளைஞர்கள் மார்க்கத்தைத் தெளிந்து அறிய வேண்டும் என்று பொருள் செலவிட்டு அறிஞர்களை அழைத்த ஜமால் முஹம்மத் சாஹிப் அவர்களின் எண்ணம் நிறைவேறுவது, அந்நூல் அலமாரியில் இருப்பதால் அன்று; அதை ஒருவர் எடுத்துப் படித்து, மற்றொருவரோடு பண்புடன் வாதிடுவதாலேயே ஆகும்.